18446744073709551615: இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை சின்னக் காரணிகள்?

கட்டம்64:
சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததுக்கு இரண்டு, அப்புறம் நாலு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டத்தையும் கூட்டினால் 2^64 − 1, தலைப்பில் இருக்கும் 20 இலக்க எண். நேற்று மகளும் நானும் இதைத் தாளில் வகுத்துப் பார்த்தோம். 3, 5, 17 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடுகிறது, ஆனால் 7, 11, 13 எதுவும் சரிவரவில்லை. இதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

மீதிபூஜ்யம்:
இருக்கிறது, அழகான ஒழுங்கு. ஒரு எண்ணின் வர்க்கத்தில் 1 கழித்தால், அது அந்த எண்ணில் 1 கழித்ததையும் 1 கூட்டியதையும் பெருக்கியதற்குச் சமம். 2^64 என்பது 2^32-இன் வர்க்கம்தானே, அதனால் உங்கள் எண் (2^32 − 1) × (2^32 + 1). முதல் பாதியை மறுபடி அதே மாதிரி உடையுங்கள், உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இதெல்லாம் ஃபெர்மா எண்கள், அதாவது 2-இன் 1, 2, 4, 8, 16, 32-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டியவை; கணிதர் ஃபெர்மாவின் பெயரால் அழைக்கப்படுகின்றன. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று ஃபெர்மா நம்பினார், 1732-இல் கணிதர் ஆய்லர் அது 641 × 6700417 என்று காட்டிவிட்டார். ஆக மொத்தம் ஏழு பகாக்காரணிகள், எதுவும் இரண்டு முறை வராது. ஒரு வகுத்தியில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், அதனால் உங்கள் எண்ணுக்குச் சரியாக 2^7 = 128 வகுத்திகள்.

கட்டம்64:
மகள் கேட்கிறாள், 641-ஐ எப்படிக் கண்டுபிடித்தார்? ஒவ்வொன்றாக வகுத்தா?

தாள்பென்சில்:
வகுத்துத்தான், ஆனால் எதை வகுப்பது என்று தெரிந்துகொண்டு வகுத்தார். 2^32 + 1-ஐ வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று அவரே நிறுவியிருக்கிறார். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே விடை!

நேரடியாகச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 641 = 5 × 128 + 1, அதே 641 = 625 + 16. முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2^7-ஐ −1 என்று வைத்துக்கொள்ளலாம். நாலாம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2^28 என்பது 1 ஆகிறது. இரண்டாவதன்படி 625-க்குப் பதில் −16 போடுங்கள், −2^32 = 1. அதாவது 2^32 + 1-க்கு மீதி பூஜ்யம். பத்து இலக்க எண்ணை வகுக்கவே வேண்டாம்.

கட்டம்64:
இரண்டு பேருக்கும் நன்றி. அவளே நாலு வரியில் எழுதிப் பார்த்துவிட்டாள். இப்போது 128 கட்டப் பலகை கேட்கிறாள்.

மீதிபூஜ்யம்:
அப்போது இதே எண்ணோடு 2^64 + 1 சேர்ந்து பெருகும். அதுவும் பகா எண் இல்லை, 274177-ஆல் வகுபடும். இதையும் 64-ஆல் வகுத்து மீதி பார்க்கச் சொல்லுங்கள்.