அமெரிக்க பிரைமரில முதல்ல ஓட்டு போடுற மாநிலத்துக்கு ஏன் இவ்ளோ மவுசு?

கேள்வி: ஜனாதிபதி தேர்தலுக்கு கட்சி வேட்பாளர தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமா வேற வேற தேதில நடக்குற ஓட்டெடுப்புதானே பிரைமரி. அதுல பல வருஷமா முதல்ல ஓட்டு போட்டு வந்த அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ரெண்டும் மக்கள்தொகையில குட்டி மாநிலம், டெலிகேட் (கட்சி மாநாட்டுல வேட்பாளர தேர்ந்தெடுக்குற பிரதிநிதி) எண்ணிக்கையும் கம்மி, அப்புறம் ஏன் வேட்பாளருங்க எல்லாம் மாசக்கணக்கா அங்கயே டேரா போடுறாங்க? கடைசில ஓட்டு போடுறவங்களுக்கு சாய்ஸே இருக்காதே?

பதில் 1: டெலிகேட் மேட்டரே இல்ல பாஸ், ஜெயிச்சா டிவி, பேப்பர்னு எல்லா இடத்துலயும் பேரு வரும், பின்னாடியே டொனேஷனும் வரும், தோத்தவன் காசில்லாம கடைய கட்டிடுவான். 1976ல, பின்னாடி ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர யாருக்குமே பெருசா தெரியாது, அயோவால "யாருக்கும் ஆதரவில்லை"ங்கறதுதான் முதலிடம், இவரு அதுக்கு அடுத்துதான், ஆனாலும் அதுலயே பெரிய ஆளாயிட்டாரு. 2008ல ரிபப்ளிக்கன் சைடுல நின்ன ஜூலியானி, முதல் மாநிலங்கள பெருசா கண்டுக்காம ஃப்ளோரிடா வரட்டும்னு வெயிட் பண்ணாரு, அங்க மூணாவது இடம், மறுநாளே அவுட்.

பதில் 2: முழுசா ஒத்துக்க மாட்டேன். 2020 டெமாக்ரட் பிரைமரில பைடன் அயோவால நாலாவது, நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது, எல்லாரும் கதை முடிஞ்சுதுன்னாங்க. பிப்ரவரி 29 சவுத் கரோலினால கறுப்பின மக்கள் ஓட்டு அள்ளிக் குடுத்துச்சு, மூணே நாள்ல சூப்பர் ட்யூஸ்டே (நிறைய மாநிலம் ஒரே நாள்ல ஓட்டு போடுற செவ்வாய்க்கிழமை), நடுவுல போட்டியாளருங்க புட்டிஜஜ், க்ளோபுச்சர் விலகி இவர சப்போர்ட் பண்ணிட்டாங்க, 14 மாநிலத்துல 10 இவருக்கு. அந்த கேப் மூணு வாரமா இருந்திருந்தா என்னாயிருக்குமோ!

பதில் 3: கடைசி மாநிலம் பத்தி கேட்டீங்களே, 2016ல கலிஃபோர்னியா ஜூன் 7ல ஓட்டு போட்டப்போ ரிபப்ளிக்கன் சைடுல ட்ரம்ப் மட்டும்தான் களத்துல மிச்சம். அப்புறம் 2020ல மார்ச் 3க்கு மாத்திக்கிட்டாங்க. ஆனா இஷ்டத்துக்கு முந்தவும் முடியாது, 2008ல ஃப்ளோரிடாவும் மிச்சிகனும் கட்சி விதிய மீறி தேதிய முன்னாடி தள்ளப்போயி கட்சிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க.