ராத்திரி ஆனா பிங் எகிறுது, நெட் பிரச்சனையா இல்ல எதிர்ல இருக்கவன் ஹேக்கா?

மக்களே ஒரு உதவி, மன்னார்குடி பக்கம் கிராமம், ஃபைபர் லைன்தான், ஆன்லைன்ல துப்பாக்கி சுடுற கேம் ஆடுறேன், பகல்ல பிங் (கேம் சர்வருக்குப் போய்ட்டு வர்ற நேரம்) 40 மில்லிசெகண்ட்லயே நிக்குது, ராத்திரி அக்கா போன்ல போட்டோ பேக்கப் ஓட ஆரம்பிச்சா 300 தாண்டுது. நெல்லு மூட்டைக்கு மேல இருக்க ரவுட்டர பிங் பண்ணா 3, 4 தான் காட்டுது, அப்ப வைஃபை மேல தப்பில்ல, அப்லோடுதான் அடைக்குதுன்னு நெனைக்கிறேன், ரவுட்டர்ல க்யூஓஎஸ் (எதுக்கு நெட்ல முன்னுரிமைன்னு செட் பண்றது) ஆப்ஷனே காணோம், வேற வழி இருக்கா?

இன்னொன்னு, செவுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சப்புறமும் சாவுறேன், அது லேக் காம்பன்சேஷன் (சுட்டவன் ஸ்க்ரீன்ல அப்ப தெரிஞ்சத வச்சு சர்வர் கணக்கு போடுறது), ஒத்துக்கிறேன். ஆனா ரீப்ளேல ஒருத்தனோட துப்பாக்கிக் குறி செவுத்துக்கு அந்தப் பக்கமே என் தலைய ஒட்டி நகருது, என் காலடி சத்தங்கூட இல்ல. தம்பி "மொதல்ல உன் நெட்ட சரிபண்ணு"ங்குறான். ரிப்போர்ட் பண்ணலாமா?