11 மாசம் கட்டினா 18 சதவீத வட்டியாம்!

சேலம் மல்லிகா
காலையிலயே குடும்ப குரூப்புல ஒரு வீடியோ. "பேங்க்ல போட்டா 7, நகைச்சீட்டுல போட்டா 18, அதையும் கிரெடிட் கார்டுல கட்டினா பாயிண்ட் வேற"ன்னு ஒருத்தர் கத்துறார். எங்க நாத்தனார் உடனே ரெண்டு சீட்டு சேர்ந்தாச்சு. மாசம் 5,000 வீதம் 11 மாசம் நாம கட்டணும், 12வது தவணையைக் கடை போடும். 55,000 கட்டினா 5,000 கூட வருது. வகுத்துப் பாருங்க, 9.09 சதவீதம். இந்த 18 எங்கேருந்து முளைச்சது? இப்படிப் பேசிப் பேசியே சனங்களைக் கடைக்குள்ள தள்ளுறதுக்கு என்ன கமிஷனோ.

கணக்கப்பிள்ளை
வீடியோவில் உள்ளது சரி. வங்கியில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தவணை 11 மாதம் கடையில் இருக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம். 11, 10, 9 என்று 1 வரை கூட்டினால் 66. அதாவது ஒரு 5,000 ரூபாய் 66 மாதம் கிடந்ததற்குச் சமம். அதற்கு 5,000 கிடைத்தால் ஆண்டுக்கு 18.18 சதவீதம். இதே தவணையை வங்கியில் மாதா மாதம் கட்டும் 7 சதவீத ஆர்.டி.யில் போட்டால் ஏறத்தாழ 1,925 ரூபாய்தான் தேறும். 9 என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் கணக்கு.

சேலம் மல்லிகா
பள்ளிக்கூடப் பிள்ளையே போடட்டும் சார். 60,000 ரூபாய்க்கு பில் போடுறாங்க. அதுல சேதாரம் 14 சதவீதம், ஜி.எஸ்.டி. 3 சதவீதம். அதையெல்லாம் கழிச்சா கைக்கு வர்ற தங்கத்தோட மதிப்பு 51,100. கட்டினது 55,000! உங்க 18 சதவீதத்தை எந்தக் கல்லுல உரசிப் பார்க்கிறது?

கணக்கப்பிள்ளை
ரொக்கம் கொடுத்து வாங்கினாலும் அதே சேதாரம், அதே ஜி.எஸ்.டி.தான். அதைச் சீட்டின் தலையில் கட்டுவது நியாயமா? நகை வாங்கத்தானே சேர்கிறீர்கள்? 66ஐ முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

தாமிரபரணிக்காரன்
அண்ணாச்சி, அக்கா, ரெண்டு பேரும் எந்தச் சீட்டைப் பத்திப் பேசுதிய? தொகைச் சீட்டா, எடைச் சீட்டா? தொகைச் சீட்டுன்னா ரூபாயாத்தான் வரவு வைப்பான். எடைச் சீட்டுன்னா கட்டுற அன்னிக்கு உள்ள விலைக்கு கிராம் வரவு வச்சிருவான். அதுல 12வது தவணைப் பேச்சே பல கடையில கிடையாது, சேதாரத்துலதான் தள்ளுபடி. 2025 டிசம்பர்ல பவுனு லட்சத்தைத் தாண்டுச்சுல்லா, அப்ப தொகைச் சீட்டு போட்டவன் முழிச்சான், எடைச் சீட்டு போட்டவன் சிரிச்சான். மொதல்ல அதைச் சொல்லிட்டுச் சண்டை போடுங்க.

கணக்கப்பிள்ளை
எந்தச் சீட்டானாலும் சராசரி என்பது சராசரிதான் தம்பி. 66.

சேலம் மல்லிகா
விலை ஏறிக்கிட்டே போகும்னு யார் எழுதிக் கொடுத்தா? 2024 ஜூலையில இறக்குமதி வரியை 15லேருந்து 6 ஆக்கினப்ப ஒரே நாள்ல பவுனுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல இறங்கிச்சே. அதுக்கு முந்தின வாரம் எடைச் சீட்டுல தவணை கட்டினவங்க கிட்டப் போய் 66ன்னு சொல்லுங்க பார்ப்போம்.

பாயிண்ட் பாண்டி
நடுவுல பூந்துக்கிறேன். கார்டுல கட்டுறது நான்தான். 150 ரூபாய்க்கு 2 பாயிண்ட். 5,000க்கு 66 பாயிண்ட்.

தாமிரபரணிக்காரன்
இங்கயும் 66ஆ! அண்ணாச்சிக்கு இன்னிக்கு நல்ல நாளுதான்.

பாயிண்ட் பாண்டி
சிரிக்காதீங்க ப்ரோ. சும்மா வர்ற காசு.

மயிலை வெங்கி
பாயிண்டுக்கு 25 காசுன்னு வெச்சா பதினாறு ரூபாய் ஐம்பது காசு. ஒரு ஃபில்டர் காபிகூட வராது சார். ஒரு மாசம் பில் கட்ட மறந்தா மாசத்துக்கு மூணரை சதவீதம் வட்டி, அதுக்கு மேல தாமதக் கட்டணம். என் கார்டுல நகைக்கடைச் செலவுக்குப் பாயிண்டே கிடையாது, பொடி எழுத்துல போட்டிருக்கான்.

தங்கம் வேணும்னா அரசாங்கம் விட்ட தங்கப் பத்திரம்னு அப்பவே கரடியா கத்தினேன். 2015 நவம்பர்ல வந்த முதல் வெளியீடு கிராம் 2,684. 2023 நவம்பர்ல முதிர்ந்தப்போ 6,132. நடுவுல வருஷா வருஷம் வட்டி வேற. சேதாரம் இல்லை, வெளியீட்டுலயே வாங்கி முதிர்வு வரைக்கும் வெச்சிருந்தா லாபத்துக்கு வரியும் இல்லை.

சேலம் மல்லிகா
வெங்கி சார், 2024 பிப்ரவரிக்கு அப்புறம் அரசாங்கம் புது வெளியீடே விடலை. மூடின கடைக்கு வழி சொல்றீங்க.

மயிலை வெங்கி
சந்தைல பழைய பத்திரம் வாங்கலாமே. தெரியாம பேசாதீங்கோ.

கணக்கப்பிள்ளை
பத்திரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாது வெங்கி. பேச்சை மாற்றாதீர்கள். 11 மாதம் என்று ஏன் வைத்தார்கள் தெரியுமா இங்கே யாருக்காவது? நிறுவனங்கள் வைப்புத்தொகை பெறுவதற்கான 2014ஆம் ஆண்டு விதிகள். பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுக்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும். அதனால்தான் பழைய 15 மாதம், 18 மாதச் சீட்டுகளெல்லாம் காணாமல் போயின. இதெல்லாம் தெரிந்துதான் 18 என்கிறேன்.

சேலம் மல்லிகா
நீங்களே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்க. சட்டப்படி அது முன்பணம். முன்பணம் கட்டினவங்களுக்குக் கடைக்காரர் 5,000 தள்ளுபடி கொடுக்கிறார். அதுக்கு எதுக்கு வட்டின்னு பேர் வெச்சு பேங்க்கோட போட்டி? பேங்க் கவுந்தா அஞ்சு லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கு, 2020லேருந்து. கடை கவுந்தா? 2023 அக்டோபர்ல திருச்சியைத் தலைமையா வெச்சிருந்த ஒரு நகைக்கடை எல்லாக் கிளையையும் பூட்டிட்டுப் போனப்ப அட்டையை வெச்சுக்கிட்டு ஷட்டர் முன்னாடி நின்னவங்களை டி.வி.யில பார்த்தீங்கதானே?

கணக்கப்பிள்ளை
அது சீட்டு மட்டுமல்ல, மாதா மாதம் வட்டி தருவதாகச் சொல்லி வாங்கிய முதலீடும் சேர்ந்தது. இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து 66 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், புரியும்.

சேலம் மல்லிகா
எங்க வீட்ல வரவு செலவு நோட்டு என் கையில இருக்கு. வீட்டுக்காரர்தான் என்கிட்ட வந்து கேட்பார். இந்தத் திமிருக்குத்தான் போன வருஷம் உங்ககிட்ட யாருமே பதில் பேசலை.

தாமிரபரணிக்காரன்
அது தப்பு அண்ணாச்சி. அக்காகிட்ட அப்படிப் பேசக்கூடாது. போன தீபாவளிக்கு ஒரு பங்கைச் சொல்லி "கண்ணை மூடிட்டு வாங்கு"ன்னிய. வாங்கினேன். கண்ணைத் தொறந்தா பாதிதான் இருக்கு. அந்தப் பதிவை இப்ப தேடினா காணோம்.

கணக்கப்பிள்ளை
நீண்டகாலத்துக்கு என்று சொல்லியிருந்தேன். பதிவை நான் நீக்கவில்லை. பொறுமை இல்லாதவர்கள் பங்குச் சந்தைப் பக்கம் வரவே கூடாது. உங்களுக்கு இன்னொரு முறை சொல்கிறேன், 11ஐ 12ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால்...

தாமிரபரணிக்காரன்
66. எங்க வீட்டுச் சின்னப் பயலுக்கே மனப்பாடம் ஆயிட்டு.

பாயிண்ட் பாண்டி
சீட்டே வேணாம்பா. நான் ஆப்ல தெனமும் பத்து ரூபாய்க்கு டிஜிட்டல் கோல்டு வாங்குறேன். ஸ்கிராட்ச் கார்டு வேற வருது.

மயிலை வெங்கி
வாங்கற அன்னிக்கே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. போயிடறது. விக்கற விலை இன்னும் கீழே. அது தன் கட்டுப்பாட்டுலயே இல்லைன்னு 2025 நவம்பர்ல பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி எச்சரிக்கை விட்டாச்சு. ஸ்கிராட்ச் கார்டுல உங்களுக்கு என்ன விழுந்துது, சொல்லுங்கோ?

பாயிண்ட் பாண்டி
ஷாம்பூவுக்கு நூறு ரூபாய் கூப்பன். 999க்கு வாங்கினாத்தான் செல்லுமாம்.

சேலம் மல்லிகா
இதுக்கு ஆண்டுக்கு எத்தனை சதவீதம்னு கணக்கப்பிள்ளை சார்கிட்டக் கேளுங்க, உடனே சொல்வார்.

கணக்கப்பிள்ளை
கேலி பேசுவது சுலபம். இன்று இரவு எக்செல் அட்டவணை போடுகிறேன், தவணை வாரியாக. அதைப் பார்த்த பிறகும் 9 என்று சொல்பவர்களிடம் பேச எனக்கு எதுவும் இல்லை.

சேலம் மல்லிகா
போடுங்க. 14 சதவீதச் சேதாரத்துக்கு ஒரு பத்தி, ஜி.எஸ்.டி.க்கு ஒரு பத்தி மறக்காம வையுங்க. இல்லேன்னா நான் போடுவேன். 9.09தான்.

கணக்கப்பிள்ளை
18.18.

மயிலை வெங்கி
சீட்டு போடறவாளுக்கெல்லாம் பத்திரம்னா என்னன்னே தெரியலை, வேறென்ன சொல்றது.

சேலம் மல்லிகா
தெரியாமயா பிப்ரவரின்னு மாசத்தோட சொன்னேன்?

பாயிண்ட் பாண்டி
ஒரு சந்தேகம். 4,200 பாயிண்ட் இந்த மாசக் கடைசியோட காலாவதி. மிக்ஸி எடுக்கவா, ட்ராலி பேக்கா? ரெண்டுமே கடையில இதைவிடக் கம்மி விலைக்குக் கிடைக்குது.

தாமிரபரணிக்காரன்
மிக்ஸி எடுக்காத தம்பி, ஜாடி மூடி ஒழுகும்.

கணக்கப்பிள்ளை
பாண்டி, ஒரு பாயிண்டின் மதிப்பு எவ்வளவு, எத்தனை மாதமாகச் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கும் சராசரி இருக்கிறது.