ரயில்வே கேட்டில் அணைத்த பழைய லாரி மறுபடி கிளம்ப மறுக்கிறது: டீசல் பம்பைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (கொரடாச்சேரி, லாரி உரிமையாளர்)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு மாடல் ஆறு சக்கர டீசல் லாரி. மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத பழைய வகை பம்ப்தான். சம்பா அறுவடை தொடங்கியதிலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகள் 250 ஏற்றிக்கொண்டு, நீடாமங்கலம் வழியாகத் தஞ்சாவூர்ப் பக்கம் உள்ள கிடங்குக்கு நடை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. கேட் திறந்த பிறகு பின்னால் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஒலி எழுப்ப, கிளீனர் கீழே இறங்கி, டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்பை அறுபது எழுபது முறை அடித்து, ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி நுரையாக வருகிற டீசலை வெளியேற்றிய பிறகுதான் வண்டி கிளம்புகிறது. இருமுறை ஓட்டத்திலேயே, அம்மாப்பேட்டை தாண்டிப் பாரத்தோடு வேகம் எடுக்கும்போது, இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றும்விட்டது.

ஃபில்டர்கள் இரண்டையும் மாற்றிவிட்டோம், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைச் சர்வீஸ் செய்தோம், பேட்டரியும் புதிது. இதற்கு மேல் பம்பைக் கழற்றி, உள்ளே டீசலை அழுத்தித் தள்ளும் எலிமென்டை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். அந்தச் செலவை ஏற்பதற்கு முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். மூட்டைகள் கொள்முதல் நிலையத்தில் திறந்தவெளியில் கிடப்பதால் ஒரு நாள் நடை தவறினாலும் மனம் பதைக்கிறது. சென்ற வாரம் டேங்கை நிரப்பிக்கொண்டு போன இரண்டு நடையிலும் ஒரு தொல்லையும் இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தோம், மூன்றாம் நடையில் மறுபடி நின்றுவிட்டது.

பதில் (கும்பகோணம், ஒர்க்‌ஷாப் நடத்துபவர்)

தம்பி, பம்பில் இப்போது கை வைக்க வேண்டாம். நுரை வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான செய்தி. நுரை என்றால் டீசலோடு காற்று கலந்து வருகிறது என்று பொருள். எலிமென்ட் தேய்ந்தால் அழுத்தம் குறையும், சூடான வண்டி கிளம்ப மறுக்கும், ஆனால் ஃபில்டருக்குள் காற்று வந்து சேராது, ஏனென்றால் ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருக்கிறது.

கிளம்பாத நேரத்தில் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று கொள்ளலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவே இல்லை. உங்கள் வண்டியில் புகை இருக்காது என்றே நினைக்கிறேன். செல்ஃபைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஒரேயடியாகப் பிடிக்க வேண்டாம். இடையில் ஆறவிடாமல் அடித்தால் புது பேட்டரியும் இறங்கிவிடும், செல்ஃப் மோட்டாரும் கருகிவிடும்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியாகப் பெரிய பம்புக்கு அனுப்பும் சின்ன பம்ப்) வரையுள்ள குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஆகவே அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பலரும் ஈரமாக இருக்கிற இடத்தைத் தேடிவிட்டு, எல்லாம் காய்ந்திருக்கிறது, கசிவே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வெடித்த ரப்பர் ஓஸ், தளர்ந்த கிளிப், பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்ட மூட்டு ஆகியவை எல்லாம் வெளியே காய்ந்தபடியே உள்ளே காற்றை இழுக்கும். ஃபீட் பம்புக்குள் நுழைகிற இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு டீசல் தாங்குகிற, உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற கண்ணாடி ஓஸைத் தற்காலிகமாக இணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, குமிழி ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்ததாக, சுத்தமான டீசல் நிரப்பிய கேனில் ஒரு ஓஸை விட்டு நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்து, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். அப்புறம் அணைத்து அரை மணி நேரம் கழித்துக் கிளப்புங்கள். கேனிலிருந்து கொடுக்கும்போது ஒரே அடியில் கிளம்பினால், குறை டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான் இருக்கிறது.

பதில் (மன்னார்குடி, லாரி ஓட்டுநர்)

நான் வேறு இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் நெல்லின் சுணையும் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளையை அடைத்துவிடும். டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வர வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்பால் உறிஞ்ச முடியாமல் போய்விடும். என் வண்டி வலங்கைமான் சாலையில் இப்படித்தான் நின்றது. மூடியைத் திறந்தவுடன் உஸ் என்று காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டது. துளையை ஊதிச் சுத்தம் செய்ததோடு தொல்லை தீர்ந்தது. அடுத்த முறை நிற்கும்போது முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.

மற்றொன்று, சூடான பம்பின் மேல் ஒரு வாளி குளிர்ந்த நீர் ஊற்றிக் கிளம்பினால் எலிமென்ட் தேய்ந்திருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் கண்டுபிடிப்பார்கள்.

பதில் (கும்பகோணம், ஒர்க்‌ஷாப் நடத்துபவர்)

டேங்க் மூடியைப் பற்றி ஓட்டுநர் நண்பர் சொன்னது மிகச் சரி. நான் அதை எழுத மறந்துவிட்டேன். தண்ணீர் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். எலிமென்டுக்கும் அதன் உறைக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளிதான் உண்டு. சூட்டில் இருக்கிற பம்பின் வெளிப்புறம் திடீரென்று சுருங்கினால் உள்ளே இருப்பது இறுகிச் சிக்கிவிடும், அதுவரை நன்றாக இருந்த பம்பும் கெட்டுப்போகும். சோதிக்கத்தான் வேண்டுமென்றால் ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டு மெல்ல ஆறவிடுவது போதும்.

பதில் (திருத்துறைப்பூண்டி, டிராக்டர் மற்றும் அறுவடை இயந்திரப் பழுதுபார்ப்பவர்)

கேள்வியின் கடைசியில் ஒரு செய்தி இருக்கிறது, அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. டேங்க் நிறைந்திருந்தபோது இரண்டு நடை தொல்லையில்லாமல் ஓடியிருக்கிறது, டீசல் குறைந்த பிறகு மறுபடி நின்றிருக்கிறது. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் பாதி உயரத்தில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் இப்படித்தான் நடக்கும். ஓட்டை டீசலில் முங்கியிருக்கும்வரை அதன் வழியாகவும் டீசலே உள்ளே போகும். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று போகும். பாரம் இல்லாமல் மெல்ல ஓடும்போது சமாளித்துக்கொள்ளும், பாரத்தோடு மிதிக்கும்போது டீசல் போதாமல் திக்கும். இன்ஜினை அணைத்தால் குழாயில் நிற்கிற டீசல் அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து டேங்குக்கே இறங்கிவிடும். நீங்கள் இருபது நிமிடம் கேட்டில் நிற்கும்போது இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஹார்வெஸ்டர் ஒன்றில் இதே குறையை மூன்று நாள் தேடியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்

ஐயா அவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு கேட்டில் நின்றபோது முதலில் டேங்க் மூடியைத் திறந்தோம், எந்தச் சத்தமும் இல்லை. செல்ஃப் அடித்தபோது சைலன்சரில் புகையும் இல்லை. இன்று காலை கண்ணாடி ஓஸ் போட்டுப் பார்த்ததில் மணிமணியாகக் குமிழிகள் ஓடுவதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். கேனிலிருந்து கொடுத்தபோது குமிழி நின்றுவிட்டது. மூன்று முறை அணைத்து அரை மணி விட்டுக் கிளப்பினோம், மூன்று முறையும் உடனே கிளம்பியது.

மதியம் டேங்கின் மேல் தகட்டைக் கழற்றிக் குழாயை வெளியே எடுத்தோம். உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டோடு அதைப் பிடித்திருந்த கிளிப் பல வருடங்களாக உரசி, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டிருந்தது. துளை இருந்த உயரம் ஏறக்குறைய அரை டேங்க் மட்டம். பக்கத்துப் பட்டறையில் அதைப் பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அது நிலைக்குமா, வேறு குழாய்தான் போட வேண்டுமா?

பதில் (திருத்துறைப்பூண்டி, டிராக்டர் மற்றும் அறுவடை இயந்திரப் பழுதுபார்ப்பவர்)

உரசித் தேய்ந்த குழாய் அந்த இடத்தில் சுற்றிலும் மெலிந்திருக்கும். பற்றவைத்தால் பக்கத்திலேயே இன்னொரு துளை விழும். அறுவடை முடியும்வரை தள்ளுவதற்கு அது உதவலாம், ஆனால் புதுக் குழாய் போடுவதே நல்லது. எதைச் செய்தாலும் குழாயை டேங்கிலிருந்து தனியே எடுத்துச் சென்று செய்யுங்கள். காலியாக இருக்கிற டீசல் டேங்கின் அருகே நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது, உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

புதுக் குழாயின் நுனி டேங்கின் அடியைத் தொடாமல் சுமார் ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும். நீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில்தான் தங்கும். மழைக்காலத்தைப் பாதி டேங்கோடு கழித்த வண்டியில் நீரும் சேறும் இல்லாமல் இருக்காது. திறந்திருக்கும்போதே அடித் திருகைக் கழற்றி வடித்துவிடுங்கள். கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் டீசலில் ஊறாத ரப்பர்த் துண்டு ஒன்றை வைத்து இறுக்குங்கள்.

பதில் (கும்பகோணம், ஒர்க்‌ஷாப் நடத்துபவர்)

திருத்துறைப்பூண்டி நண்பர் சொன்னதை அப்படியே செய்யுங்கள். மாட்டும்போது மூட்டுகளில் புதுச் செம்பு வாஷர் போட்டு, முதலில் ஃபில்டர் திருகிலும் பிறகு பம்பின் திருகிலும் குமிழி நிற்கும்வரை காற்றை எடுங்கள். அதன் பிறகும் கிளம்பவில்லையென்றால் மட்டும் நாசில் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கலாம். அங்கே பீறிடும் டீசலின் முன்னால் கையை நீட்டாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வண்டி நிற்கிற பழக்கம் முழுவதும் தீரும்வரை கிளீனரிடம் இரண்டு சக்கரக் கட்டைகளைக் கொடுத்து வையுங்கள். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்குக் காற்று ஏறாது, 250 மூட்டையோடு பாலத்துச் சரிவில் நிற்கும்போது முதல் வேலை கட்டை போடுவதாக இருக்கட்டும், ஹேண்ட் பம்ப் அதற்குப் பிறகு.