புதுப்பிப்பு: வான்கோழிச் சேவல்களின் சண்டை அடங்கியது (கோத்தகிரி)

2 சேவல்களும் ஓயாமல் மோதுகின்றன, இணைசேரும்போது சேவலிடம் மிதிபட்டு 5 பெட்டைகளுக்கும் முதுகு கிழிகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, சேவல்களைத் தனித்தனியே அடைக்கச் சொன்ன அண்ணனின் வழிதான். ஆனால் கம்பிவலை மட்டும் போதாது. மறுபக்கம் மற்றது தெரிந்தாலே வால் விரிந்து, கழுத்துச் சதை சிவந்து, வலையிலேயே மோதும். 4 அடி உயரத்துக்குத் தகரம் அடித்த பிறகே அடங்கின. பெட்டைகளின் முதுகு கிழியாமல் இருக்க, சேவல் நகத்தின் கூர்முனையை அரத்தால் ராவினால் போதும். ஆழமாக வெட்டினால் ரத்தம் வரும். காப்புக்காகப் பெட்டைகளின் முதுகில் கட்டும் கேன்வாஸ் துணி இந்த மூடுபனியில் காயவே இல்லை, கழற்றிவிட்டேன்.

எதிர்பாராதது: காயம் ஆற, பெட்டைகளைச் சேவலின்றி வைத்திருந்த 2 வாரத்தில் இட்ட முட்டைகளும் 28 நாளில் பொரித்தன. பெட்டை வாரக்கணக்கில் விந்தைச் சேமித்து வைக்கும். சேவலை மாற்றிய உடனே வரும் குஞ்சுகளைப் புதுச் சேவலின் வாரிசாகக் கணக்கில் எழுதாதீர்கள்.