மணிவிழாவுக்கு அப்பாவுக்குப் பங்கு வாங்கித் தரலாமா, கூடாதா?

ஜார்ஜ்டவுன் மகள்:

வணக்கம். சித்திரையில் அப்பாவுக்கு மணிவிழா. பினாங்கிலேயே கோயில் மண்டபத்தில் வைக்கிறோம். பரிசுக்காக அண்ணன், நான், தம்பி மூவரும் சேர்ந்து 3,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறோம்.

அப்பாவுக்குப் பங்குச் சந்தை என்றால் உயிர். கிளார்க்காக இருந்த காலத்திலிருந்தே சம்பளத்தில் மிச்சம் பிடித்து லாட் லாட்டாக, அதாவது நூறு நூறு பங்காக, வாங்கியவர். அவரிடம் 555 என்கிற சின்னக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனி, எத்தனை லாட், என்ன விலை, எந்த மாதம் எத்தனை சென் டிவிடெண்ட் (லாபப் பங்கு) என்று எல்லாம் நீல மையில் இருக்கும். விற்றதை மட்டும் சிவப்பில் எழுதுவார். சிவப்பு எழுத்து அதில் அபூர்வம்.

அண்ணன் ஒரே பிடியாக, "நல்ல பேங்க் பங்கு மூன்று லாட் வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பங்கை வாங்குவதற்கு முன் ஆண்டறிக்கையைப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படிக்கிற மனுஷன் அவர். நாமாக ஒன்றை எடுத்துக் கையில் திணிக்கலாமா? தம்பி டேப்லெட் வாங்கலாம் என்கிறான். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்:

உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி தங்கச்சி. பங்கு பிடித்தவருக்குப் பங்கை விட்டு வேறு என்ன கொடுப்பது? டேப்லெட் நாலு வருஷத்தில் கிழடாகிவிடும். பேங்க் பங்கு வருஷத்துக்கு இரண்டு தடவை டிவிடெண்ட் போடும், அப்பா கணக்கில் விழும்போதெல்லாம் பிள்ளைகள் ஞாபகம் வரும். மேபேங்க் 2025இல் ஒரு லாட் ஆயிரம் வெள்ளியை ஒட்டி இருந்தது, ஆளுக்கு ஒரு லாட் என்று கணக்கும் ஏறக்குறையப் பொருந்தும். வரித் தொல்லையும் இல்லை. 2025 முதல் வந்த 2 விழுக்காடு வரி, வருஷத்துக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் டிவிடெண்ட் வாங்குகிறவர்களுக்கு, அந்த மேல் தொகைக்கு மட்டும்தான்.

பாயான் லெப்பாஸ் தம்பி:

அண்ணே, ஒத்துக்கொள்ள முடியவில்லை. தேடுவதும் ஒப்பிடுவதும் விலை இறங்கும் வரை காத்திருப்பதும்தான் இந்த ஆட்களுக்குச் சுகம். அதை நாம் செய்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்? தூண்டிலோடு கடலுக்குக் கிளம்புகிறவர் கையில் பசார் மீனைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பிள்ளைகள் கொடுத்ததை அவரால் விற்க முடியாது. 2020 கோவிட் நேரத்தில் கையுறைப் பங்குகள் எப்படி ஏறின என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது என் மாமாவுக்கு மருமகன் ஆசையாக அதில் வாங்கிக் கொடுத்தார். 2022 முடிவதற்குள் பெரிய பெரிய கையுறைக் கம்பெனிகளின் பங்கே உச்ச விலையில் பத்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. மாமா சந்தை தெரிந்தவர், இறங்க ஆரம்பித்தபோதே விற்றிருப்பார். மருமகன் மனசு நோகுமே என்று கடைசிவரை வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பணமாகக் கொடுங்கள் அக்கா. எதை வாங்குவது என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்:

பணமாகக் கொடுத்தால் அது அப்பாவிடம் நிற்காது தம்பி. கூரை ஒழுகுகிறது, பேரப்பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று ஒரே மாதத்தில் போய்விடும். நம் அப்பாக்கள் யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பங்காகக் கொடுத்தால்தான் அது அவருடையதாக இருக்கும். கையுறைக் கதை வேறு. அது சூட்டோடு சூடாக வாங்கியது. நான் சொல்வது பல பத்தாண்டுகளாக டிவிடெண்ட் கொடுத்துவரும் பேங்க்.

செந்தூல் டீச்சர்:

இதில் அம்மாவை யாரும் நினைக்கவில்லையே! மணிவிழா அப்பாவுக்கு மட்டுமா? மாலை மாற்றுவதும் தாலி கட்டுவதும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே? சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும்போது அப்பா கையில் பங்கு, அம்மா கையில் வெறும் பூங்கொத்து என்றால் நன்றாகவா இருக்கும்?

எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு ஷேர் என்றாலே வயிற்றில் ஒரு பயம் உண்டு. 1997 பிப்ரவரியில் 1,271 வரை போன கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1998 செப்டம்பர் 1ஆம் தேதி 262க்கு வந்தது. அந்த இடைக்காலத்தில் எத்தனை வீட்டுச் சங்கிலிகள் அடகுக் கடைக்குப் போயின என்பது அவரவர் வீட்டுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டிலும் போனது, திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு வந்தாலே அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

ஆகவே பாதித் தொகையில் அம்மா பெயரில் 916 தங்கத்தில் ஏதாவது வாங்குங்கள். இல்லாவிட்டால் அமானா சஹாம் மலேசியா முதலீட்டு நிதியில் போடுங்கள். அது எல்லா மலேசியருக்கும் திறந்தது, யூனிட் விலை எப்போதும் ஒரு வெள்ளிதான். ஆனால் யூனிட் அடிக்கடி தீர்ந்துவிடும், இப்போதே பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

ஜார்ஜ்டவுன் மகள்:

டீச்சர், அம்மா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. அம்மாவுக்குத் தனியாகச் செய்கிறோம், அதற்கு இந்த 3,000ஐத் தொட மாட்டோம்.

முன்னாள் ரெமிசியர்:

பங்குத் தரகு வேலையில் இருந்தவன் என்பதால் கேட்கிறேன். பங்கு வாங்கிக் கொடுப்பது நல்லதா கெட்டதா என்பது இருக்கட்டும். எப்படிக் கொடுப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே.

அப்பாவின் சிடிஎஸ் கணக்கில், அதாவது பங்குகளை வைத்திருக்கும் கணக்கில், நீங்கள் நேராகப் பங்கு வாங்கிப் போட முடியாது. அவருடைய புரோக்கர் கணக்கில் பணம் கட்டலாம் என்றால், பெரும்பாலான புரோக்கர்கள் வேறு ஆள் பெயரிலிருந்து வரும் பணத்தை ஏற்பதில்லை. மிச்சம் இருப்பது ஒரே வழி. உங்களில் ஒருவர் தன் கணக்கில் வாங்கி, பிறகு மாற்றல் படிவம் நிரப்பி அப்பா கணக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கான காரணம் எழுத வேண்டும், அடையாள அட்டை நகல் வேண்டும், உறவுக்குச் சான்றும் கேட்கலாம். கட்டணம் சொற்பம்தான், ஆனால் விழாவுக்கு முந்தின நாள் ஓடிப்போய் முடிக்கிற காரியமில்லை. வாங்கிய பங்கு கணக்கில் ஏறவே இரண்டு வேலை நாள் ஆகும்.

100 பங்குதான் ஒரு லாட். மூன்று பேரும் சேர்ந்து 250 பங்கு என்றெல்லாம் பிரிக்காதீர்கள். மிச்சமாகும் ஐம்பதை விற்கப் போனால் நல்ல விலை கிடைக்காது.

செகம்பூட்:

ரெமிசியர் ஐயா மாற்றலைப் பற்றிச் சொன்னார். நான் அதைவிடச் சங்கடமான ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த 555 நோட்டு எங்கே இருக்கிறது, எந்தப் புரோக்கர், கணக்கு எண் என்ன என்று அம்மாவுக்குத் தெரியுமா?

கேடபிள்யூஎஸ்பி சேமநிதிக்கு வாரிசு பெயர் எழுதி வைக்கலாம். சிடிஎஸ் கணக்கில் அந்த வசதி இல்லை. கணக்குக்காரர் போய்விட்டால் பங்கு அப்படியே முடங்கும், கோர்ட் உத்தரவு போன்ற ஆவணம் வந்த பிறகுதான் குடும்பத்துக்கு மாறும். உயில் இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படிதான் பிரியும். தாத்தா பாட்டி உயிரோடு இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம், பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. எல்லாம் அம்மாவுக்குப் போகட்டும் என்று அப்பா மனசில் நினைத்திருந்தாலும் அது செல்லாது.

அந்த 3,000ஐ வைத்து நல்ல வழக்கறிஞரிடம் அப்பாவை அழைத்துப்போய் உயில் எழுத வையுங்கள். பங்கை நேசிக்கிற மனுஷனுக்கு அவர் சேர்த்ததைப் பத்திரப்படுத்திக் கொடுப்பதைவிட வேறு பரிசு எனக்குத் தோன்றவில்லை.

செந்தூல் டீச்சர்:

தம்பி, மங்கல நாளில் உயில் பேச்சா? நூறாண்டு வாழ்க என்று அட்சதை போடுகிற நேரத்தில் "நீங்கள் போன பிறகு" என்று ஆரம்பிப்பதா? இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

செகம்பூட்:

மேடையில் கொடுக்கச் சொல்லவில்லை டீச்சர். விழா முடிந்து ஒரு மாதம் கழித்துச் செய்யட்டும். ஆனால் செய்யாமல் விடக்கூடாது. என் சித்தி, சித்தப்பாவின் பங்குகளுக்காக அலைந்த அலைச்சலை நேரில் பார்த்தவன் நான். எந்தக் கம்பெனியில் எவ்வளவு இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. காசோலை மாதிரி வந்த பழைய டிவிடெண்ட் வாரண்டுகள் பேங்கில் போடாமலே ஒரு மைலோ டின்னில் கிடந்தன, பணம் கோரப்படாத பணங்களின் பதிவாளரிடம் போயிருந்தது. அதை வாங்கவே தனியாக விண்ணப்பம்.

ஒன்று கவனம். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். பிள்ளைகள் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் அவர்களுக்கு எழுதியது செல்லாது.

பாயான் லெப்பாஸ் தம்பி:

செகம்பூட் சொல்வது கடமை, பரிசு ஆகாது. அதைக் கட்டாயம் செய்யுங்கள், ஆனால் இந்தப் பணத்தில் வேண்டாம்.

அக்கா, உங்கள் அப்பா எப்போதாவது ஏஜிஎம்முக்கு, அதாவது கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு, போயிருக்கிறாரா?

ஜார்ஜ்டவுன் மகள்:

இல்லை தம்பி. அழைப்பு வந்தால் வைத்திருந்து படிப்பார், தீர்மானம் எல்லாம் அடிக்கோடிட்டு. பெரும்பாலும் கோலாலம்பூரில், வேலை நாளில் நடக்கும். லீவு எடுத்துப் போனதே இல்லை. கோவிட்டில் ஆன்லைனில் நடந்தபோது ஒரு தடவை சேர்ந்தார். கேள்வியைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அன்றைக்கு முழுக்க முகம் வாடியே இருந்தது.

பாயான் லெப்பாஸ் தம்பி:

அப்படியானால் அதுதான் பரிசு! 2025 மார்ச் 1 முதல் ஆன்லைனில் மட்டும் ஏஜிஎம் நடத்தக்கூடாது, நேரிலும் இடம் கொடுக்க வேண்டும். டிசம்பரில் கணக்கு முடிக்கிற கம்பெனிகள் ஜூன் கடைசிக்குள் நடத்தியாக வேண்டும். சித்திரை விழா முடிந்ததும் சரியாக அந்த நேரம்தான். பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல். அவரிடம் அதிகமாக இருக்கிற ஏதாவது இரண்டு கம்பெனியின் கூட்டம் ஒரே வாரத்தில் வந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாலு நாள் தங்கலாம். அப்பா கூட்டத்தில் இருக்கும்போது டீச்சர் மாதிரி யாராவது அம்மாவை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு அழைத்துப் போகட்டும். அப்பா எழுந்து நின்று, மைக் பிடித்து, சேர்மனிடம் கேள்வி கேட்பார் அக்கா. இத்தனை வருஷமாகப் படித்த ஆண்டறிக்கை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்:

யோசனை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பயணம் முடிந்தால் கையில் என்ன இருக்கும்? 3,000ஐயும் ரயிலுக்கும் ஓட்டலுக்கும் விடாதீர்கள். ஒரு லாட்டாவது வாங்கி அவர் பெயருக்கு மாற்றுங்கள். 555 நோட்டில் பிள்ளைகள் பெயரில் ஒரு வரி இருக்கட்டும்.

பாயான் லெப்பாஸ் தம்பி:

எந்தப் பங்கு என்று அவரிடமே கேட்டுவிட்டு வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை அண்ணே.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்:

கேட்டுவிட்டுக் கொடுப்பதற்குப் பெயர் பரிசா? ஏற்கெனவே அவர் வைத்திருக்கிற பங்கிலேயே ஒரு லாட் கூட்டி வாங்கினால் போச்சு. தேர்ந்தெடுத்தது அவர்தானே!

முன்னாள் ரெமிசியர்:

இரண்டு பேரும் வாதாடுவதற்குள் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அப்பாவின் பங்குகள் அவர் சொந்தப் பெயரில் உள்ள சிடிஎஸ் கணக்கில் இருக்கின்றனவா, புரோக்கர் தரப்பு தன் பெயரில் அவருக்காக வைத்திருக்கும் நாமினி கணக்கிலா? நாமினி என்றால் கம்பெனிப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. ஏஜிஎம் வாசலில் அடையாள அட்டையைக் காட்டினாலும் உள்ளே விட மாட்டார்கள், முன்கூட்டியே புரோக்கர் மூலம் பிராக்சி (பதிலாள்) ஏற்பாடு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் இருந்தால் ஒரு லாட் போதும், உரிமையோடு உள்ளே போகலாம்.

கூட்டத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்னால் அறிவிப்பு வந்துவிடும், பிறகு டிக்கெட் போடுங்கள்.

ஜார்ஜ்டவுன் மகள்:

நேற்று இரவு அண்ணனிடமும் தம்பியிடமும் பேசினேன். பயணம் உறுதி, அம்மாவும் வருகிறார். அண்ணன் ஒரு லாட்டை விடுவதாக இல்லை, பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் சொன்ன மாதிரி அப்பாவிடம் இருக்கிற பங்கிலேயே வாங்கித் தன் கணக்கிலிருந்து மாற்றுகிறேன் என்கிறார். எனக்கு இன்னும் அரை மனசுதான், ஆனால் அந்த நோட்டில் வரி விழும் என்பது பிடித்திருக்கிறது.

உயிலைப் பற்றி ரயிலில் வரும்போது நானே பேசுகிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ரெமிசியர் ஐயா, அப்பாவுக்கு வரும் ஸ்டேட்மெண்ட் ஒன்றைப் பார்த்தேன். சில பங்குகள் அவர் சொந்தப் பெயரில், ஆன்லைனில் வாங்கிய இரண்டு மட்டும் நாமினி என்று போட்டிருக்கிறது. அவர் கேள்வி கேட்க ஆசைப்பட்ட பேங்க் சொந்தப் பெயரில்தான் இருக்கிறது.