மூன்றாம் கியருக்கு மாறும்போது நழுவுகிறது: கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டுமா?

பழையசாவி

வணக்கம். 1993 மாடல் கார், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இதுவரை 1,84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி, விற்கும் எண்ணம் இல்லை.

குறை இரண்டு. வண்டி நன்றாகச் சூடான பிறகு, இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு நொடி பிடிப்பு விட்டுப்போகிறது. ஆர்பிஎம் முள் 2,500-லிருந்து 3,300 வரை எகிறி, அப்புறம் ‘தொம்’ என்று கியர் விழுகிறது. அடுத்தது, காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போட்டால் மூன்று நொடி கழித்துத்தான் வண்டி அசைகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்குச் சுத்தமாக மாறுகிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

ஒரு பட்டறையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை. பிரிப்பதற்கு முன்னால் நானே சோதிக்கக்கூடியது ஏதாவது உண்டா?

கியர்மேசை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரிப்பதுதான் என் வேலை. பட்டறை சொன்ன முடிவு சரி என்பேன், ஏன் என்றும் சொல்கிறேன்.

இந்த வகை நான்கு கியர் பெட்டிகள் பலவற்றில் மூன்றாம் கியருக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவாக ஒரே ஒரு கிளட்ச் வேலை செய்யும். டைரக்ட் கிளட்ச் என்போம். ஒன்றிலும் இரண்டிலும் அது சும்மா இருக்கும். உங்களுடைய இரண்டு புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றில் நழுவல், ரிவர்ஸில் தாமதம், ஒன்று இரண்டில் குறையே இல்லை. எல்லாம் அந்த ஒரு கிளட்ச்சில் போய் முட்டுகிறது. அதன் பிளேட்டுகளை அழுத்தும் பிஸ்டனில் உள்ள ரப்பர் சீல் முப்பது வருடத்தில் கெட்டித்துப் போகும். காலைக் குளிரில் விறைத்து நிற்பதால் ஆயில் ஓரமாகக் கசிந்து ஓடும், பிஸ்டன் மெதுவாக நகரும். சூடானால் ஆயில் தண்ணியாகி மறுபடி கசியும்.

தள்ளிப் போடாதீர்கள். ஒவ்வொரு நழுவலும் கிளட்ச் பிளேட்டைத் தேய்க்கிறது. இன்று சீலோடு முடியும் வேலை ஆறு மாதம் கழித்து கிளட்ச் உட்கார்ந்திருக்கும் டிரம்மையும் கேட்கும்.

கம்பிச்சுருள்

கியர்மேசை சார் சொன்ன கிளட்ச் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. அதிலிருந்து நேராகப் ‘பிரித்துவிடு’ என்று தாவுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கிளட்ச்சைப் பிடித்து அழுத்துவது ஆயில் பிரஷர். ஆயில் குறைந்தாலோ, ஃபில்டர் அடைத்தாலோ, பிரஷர் தாழ்ந்தாலோ, இருப்பதிலேயே பலவீனமான கிளட்ச்தான் முதலில் நழுவும். அதைப் பார்த்துவிட்டு ‘கிளட்ச் போய்விட்டது’ என்று எழுதினால் அது பாதி விடை.

1993 காலத்து வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. எப்போது கியர் மாற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) வழியாகச் சொல்லும். எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதைப் பல வண்டிகளில் த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஒரு கேபிள் சொல்லும். அந்தக் கேபிள் தளர்ந்துவிட்டால், நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்த செய்தி கியர்பாக்ஸுக்குப் பாதிதான் போய்ச் சேரும். மெதுவாக ஓட்டுவதற்கான பிரஷரிலேயே கிளட்ச்சைப் பிடிக்கப் பார்க்கும், நழுவும்.

பழையசாவி, முதலில் ஆயில் அளவு. இருபது நிமிடம் ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை தள்ளி, பார்க்குக்குக் கொண்டுவந்து பாருங்கள். சில தயாரிப்புகளில் மட்டும் இன்ஜினை அணைத்த உடனே பார்க்கச் சொல்வார்கள், கையேட்டில் இருக்கும். ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு முகருங்கள். தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது, அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கேபிள். ஒருவரை ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லிவிட்டு பானெட்டுக்குள் பாருங்கள். உறையின் முனைக்கும் கேபிளில் நசுக்கி வைத்திருக்கும் குட்டி உலோக மணிக்கும் நடுவே உள்ள இடைவெளி, நான் பார்த்த வண்டிகளில் 0 முதல் 1 மில்லிமீட்டர். உங்கள் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் ஓடக் கூடாது.

நெடுஞ்சாலை

ஆயில் அளவைப் பாருங்கள், ஆனால் ஆயிலை மாற்றிவிடாதீர்கள். இவ்வளவு ஓடிய பெட்டியில் பழைய ஆயிலில் மிதக்கும் கிளட்ச் தூள்தான் பிடிப்பைக் கொடுக்கிறது. என் சித்தப்பா வண்டியில் மாற்றிய மறுவாரமே கியர்பாக்ஸ் முழுக்கப் போய்விட்டது.

கியர்மேசை

இதில் நானும் கம்பிச்சுருளும் ஒரே பக்கம்தான் நிற்போம். நழுவ ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலோருக்கு ஆயில் மாற்றும் நினைப்பே வருகிறது. தேய்ந்துபோன கிளட்ச் அடுத்த வாரம் போகிறது, பழி புது ஆயில் மேல் விழுகிறது. உங்கள் சித்தப்பா வண்டி மாற்றுவதற்கு முன்னால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததா? அதைத்தான் கேட்க வேண்டும்.

தப்பான வகை ஆயிலை ஊற்றினால் கெடும், அது உண்மை. மிஷின் வைத்துப் பிரஷரில் அலசுவதையும் பழைய பெட்டியில் நான் செய்ய மாட்டேன். கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டை, அதாவது ஆயில் பானை, கழற்றி வடித்து, ஃபில்டரைச் சுத்தம் செய்து, கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றுவது போதும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிறைய தங்கிவிடும் என்பதால் ஒரு தடவையில் எல்லாம் மாறாது, நாள் விட்டுத் திரும்பச் செய்யலாம்.

நெடுஞ்சாலை

முன்னாலும் கொஞ்சம் நழுவிக்கொண்டுதான் இருந்தது. சரி, அதை நான் யோசிக்கவில்லை.

பழையசாவி

இரண்டும் பார்த்துவிட்டேன்.

ஆயில் குறைவாகத்தான் இருந்தது. ஏறக்குறைய அரை லிட்டர் பிடித்தது. நிறம் பழுப்பு, தீய்ந்த வாடை இல்லை. கேபிள் இடைவெளி 4 மில்லிமீட்டர். கையேட்டில் 0 முதல் 1 என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டு நட்டுகளைத் தளர்த்தி 1-க்குக் கொண்டுவந்தேன்.

இப்போது காலை ரிவர்ஸ் ஒன்றரை நொடியில் பிடிக்கிறது. மெதுவாக ஓட்டினால் மூன்றுக்கு மாறுவது தெரியவே இல்லை. ஆனால் நன்றாகச் சூடான பிறகு மேட்டில் அழுத்தி மிதித்தால் இன்னும் எகிறுகிறது, முன்பு இருந்ததில் பாதி இருக்கும்.

கம்பிச்சுருள்

அரை லிட்டர் ஆயிலும் 3 மில்லிமீட்டர் கேபிளும் பாதிக் குறையைத் தீர்த்துவிட்டன. பட்டறை சொன்னதைக் கேட்டிருந்தால் இந்நேரம் பெட்டி தரையில் இருந்திருக்கும்.

கியர்மேசை

தீர்க்கவில்லை, மறைத்திருக்கிறது. இந்த வித்தியாசம் முக்கியம்.

கேபிளை இழுத்தால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் கசியும் சீலும் கொஞ்சம் சமாளிக்கும். கேபிளை அளவுக்கு மேல் இறுக்கி, நழுவலை அமுக்கி, வண்டியைக் கைமாற்றி விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழையசாவி கையேட்டு அளவில் நிறுத்தினார், அது முறை. ஆனால் கேபிள் சரியான அளவில் இருந்தும் மேட்டில் நழுவுகிறது என்றால் குறை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அரை லிட்டர் எங்கே போனது என்பதையும் யாரும் கேட்கவில்லை. அச்சு முனை சீல்களிலும் பான் ஓரத்திலும் ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

கம்பிச்சுருள்

அப்படியென்றால் அளந்து பார்க்கலாமே, ஊகம் எதற்கு? பெட்டியின் பக்கவாட்டில் பிரஷர் பார்க்க ஒரு பிளக் இருக்கும். மானியை மாட்டுங்கள். ரிவர்ஸில் பிரஷர் டிரைவைவிட அதிகம், அதனால் 300 பிஎஸ்ஐ வரை காட்டும் மானி வேண்டும். டிரைவிலும் ரிவர்ஸிலும் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஒரு அளவு, அப்புறம் பிரேக்கைப் பிடித்து முழுசாக மிதித்து ஸ்டால் அளவு.

சோலனாய்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் மாற்றியும் ஓட்டிப் பாருங்கள். எந்த நிலையில் எந்த கியர் வரும் என்பது கையேட்டில் இருக்கும். கம்ப்யூட்டர் இல்லாமலும் மூன்றில் நழுவினால் வயரிங் மேல் சந்தேகம் வேண்டாம்.

கியர்மேசை

மானி சரி. ஸ்டால் டெஸ்ட் வேண்டாம், அதுவும் ரிவர்ஸில் வேண்டவே வேண்டாம். இன்ஜினின் முழு இழுப்பும் நாம் சந்தேகப்படும் அதே கிளட்ச் மேல்தான் விழும். ஐந்து நொடிக்கு மேல் போகக் கூடாத சோதனை அது, நல்ல பெட்டிக்கே. அரைகுறை கிளட்ச்சை அந்த ஐந்து நொடியே கருக்கிவிடும். ஐடில் அளவு போதும்.

கம்பிச்சுருள்

ஒப்புக்கொள்கிறேன். ரிவர்ஸ் ஸ்டாலைச் சொன்னது என் தவறு. பழையசாவி, அதைச் செய்யாதீர்கள்.

பழையசாவி

மானியை இரவல் வாங்கி மாட்டினேன். ஐடிலில் டிரைவ், ரிவர்ஸ் இரண்டும் கையேட்டு எல்லைக்குள் இருக்கின்றன. கனெக்டரைக் கழற்றிவிட்டும் ஓட்டினேன், சூட்டில் மூன்றாம் கியரில் அதே நழுவல்.

ஆயில் பானையும் இறக்கிவிட்டேன். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் கிராஃபைட் போல வழுக்குகிறது. பானின் அடியில் மெல்லிய கறுப்புத் தூள். மினுங்கும் உலோகச் சீவல் ஒன்றும் இல்லை. ஈரம் அச்சு முனை சீலில் இருந்தது, கியர்மேசை சார் சொன்ன இடம்தான்.

கியர்மேசை

காந்தத்துப் பசை சாதாரணம். கறுப்புத் தூள் கிளட்ச் பிளேட்டினுடையது, இந்த வயதுக்குக் கொஞ்சம் இருக்கும். சீவல் இல்லாததுதான் நல்ல செய்தி. பம்ப்பும் தாங்கிகளும் பிழைத்திருக்கின்றன.

பானை இறக்கிய கையோடு ஆயிலை ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியையும் இறக்குங்கள். போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை, அட்டையில் படம் வரைந்து அதே இடத்தில் குத்தி வையுங்கள். குட்டி உருண்டைகள் விழும், தட்டு பிடித்துக்கொள்ளுங்கள். மேலே தெரியும் துளைகளில் டைரக்ட் கிளட்ச்சுக்குப் போவது எது என்று கையேட்டில் பார்த்து, துணியால் சுற்றிய முனையோடு காற்றை விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் ‘டப்’ என்று அடித்து நிற்கும். சீல் போயிருந்தால் ‘ஸ்ஸ்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். முன்னோக்கிப் போகும் கியர்களுக்கான ஃபார்வர்ட் கிளட்ச்சிலும் விட்டு இரண்டு ஒலியையும் ஒப்பிடுங்கள்.

பழையசாவி

ஃபார்வர்ட்: ‘டப்’, அவ்வளவுதான். டைரக்ட்: மந்தமாக ஒரு ‘தப்’, அதன் பின்னால் விடாமல் ‘ஸ்ஸ்ஸ்’. நான்கு தடவை விட்டுப் பார்த்தேன்.

கம்பிச்சுருள்

சீல்தான். கியர்மேசை சார் முதல் நாளே சொன்னது. ஆனாலும் என் வாதத்தை விடமாட்டேன். பெட்டியைப் பிரித்துச் சீலை மாற்றிவிட்டு, கேபிளை 4 மில்லிமீட்டரிலேயே விட்டிருந்தால் புதுப் பிளேட்டும் அதே மாதிரி தேய்ந்திருக்கும். பட்டறை கேபிளைத் தொட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

கியர்மேசை

அது நியாயம். நான் பெட்டியை மாட்டும்போது கேபிளைக் கடைசியில் பார்ப்பேன். இனி வண்டி உள்ளே வரும்போதே பார்க்கிறேன்.

பழையசாவி

இறக்குவதென்று முடிவு செய்துவிட்டேன். டைரக்ட் கிளட்ச்சுக்கு மட்டும் சீலும் பிளேட்டும் போட்டால் போதுமா, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

கம்பிச்சுருள்

ஃபார்வர்ட் கிளட்ச் ‘டப்’ என்று அடிக்கிறதே. நல்லதாக இருப்பதைத் தொட வேண்டாம் என்பேன்.

கியர்மேசை

பெட்டி ஒரு தடவைதான் இறங்க வேண்டும். மற்ற கிளட்ச்களின் ரப்பருக்கும் அதே வயதுதான், சீல் செட்டை முழுதாகப் போடுங்கள். அச்சு முனை சீலையும் சேர்த்து. பிளேட் மட்டும் பார்த்து முடிவு செய்யலாம்: உராய்வுப் பரப்பில் அச்சடித்த எழுத்தோ பள்ளமோ தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம், வழுவழுப்பாகக் கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். டிரம்மின் உள்சுவரில் சீல் ஓடும் இடத்தை விரல் நகத்தால் சுற்றித் தடவுங்கள். நகம் மாட்டினால் படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்க்காமல் புது சீலை உள்ளே தள்ளிவிடாதீர்கள்.